பையர் மீட்டிங்கை யார் ஊர் மணிக்கு வைப்பது?

மார்ச் இரண்டாம் ஞாயிறு கழிந்து வரும் திங்கட்கிழமை, திருப்பூரில் எத்தனையோ மெர்ச்சண்டைசர் (ஆர்டரைப் பின்தொடர்ந்து பையரோடு பேசுபவர்) மேஜைகளில் ஒரே கூத்துதான். நியூயார்க் பையரோடு (நம்மிடம் சரக்கு வாங்கும் கம்பெனிக்காரர்) இரவு 7:30-க்கு மீட்டிங் என்று சாம்பிளை அடுக்கி வைத்துக் காத்திருப்பார்கள். பையர் 6:30-க்கே உள்ளே வந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போயிருப்பார். "ஏழரைக்குத்தானுங்க எப்பவும்" என்று இங்கே சொல்வதும் சரி, "எப்போதும் காலை ஒன்பதுதானே" என்று அங்கே சொல்வதும் சரி. முந்தைய நாள் அமெரிக்கா தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்துவிட்டது.

இந்திய மணி நகர்வதே கிடையாது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஆண்டுக்கு இரண்டு முறை நகர்கின்றன. ஆக, நிரந்தர மீட்டிங் ஒன்று இருந்தால் யாரோ ஒருவர் ஒரு மணி நேரம் இடம்பெயர்ந்தே ஆகவேண்டும். அது யார் தலையில் விழுவது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். பெரும்பாலான அலுவலகங்களில் யாரும் முடிவு செய்வதில்லை. காலண்டர் அழைப்பை யார் முதலில் அனுப்பினார்களோ அவர்கள் லேப்டாப் முடிவு செய்துவிடுகிறது.

நம் மணி ஏன் அசையாமல் நிற்கிறது

ஐ.எஸ்.டி. எனும் இந்தியத் திட்ட நேரம் என்பது 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் மணி. அந்த ரேகை உத்தரப்பிரதேசத்தில் மிர்சாபூர் பக்கம் போகிறது. கோயம்புத்தூர் கிட்டத்தட்ட 77 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால் நம் சூரியன் கடிகாரத்துக்கு 22 நிமிடம் பின்தங்கி வருகிறான். கோவையில் உச்சிவெயில் பிப்ரவரியில் 12:36-ஐ ஒட்டியும் நவம்பர் தொடக்கத்தில் 12:06-ஐ ஒட்டியும் வரும், சராசரி 12:22. 1906 ஜனவரி 1-க்கு முன் இங்கே ரயில்கள் மெட்ராஸ் நேரப்படி ஓடின. அது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னே. கல்கத்தா தன் பழைய மணியை 1948 வரை விடவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 1942 முதல் 1945 வரை இந்தியாவும் ஒரு மணி நேரம் முன்னே போனது. அதற்குப் பிறகு அசையவில்லை.

அசையத் தேவையும் இல்லை. 11 பாகை வடக்கில் இருக்கும் நம் ஊரில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். லண்டனில் அது எட்டு மணி நேரத்துக்கும் மேல். கோடையில் விடியற்காலை 4 மணிக்கே வெளிச்சம் வந்து வீணாகிற ஊரில்தான் கடிகாரத்தைத் தள்ளி வைப்பதில் அர்த்தம் இருக்கிறது. இலங்கை 1996-இல் மின்தட்டுப்பாட்டுக்காக மணியை மாற்றிப் பார்த்து, 2006-இல் மீண்டும் நம்மைப் போலவே கிரீன்விச்சுக்கு 5:30 முன்னே என்ற மணிக்கே வந்து சேர்ந்தது.

இப்போது எதிராளி ஊர்களின் கணக்கு. கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்திருக்கும் மாதங்களின் மணியைத்தான் கோடை நேரம் என்கிறோம். அங்கே காலை 9:00 ஆகும்போது நம் மணி என்ன என்று பாருங்கள்:

| பையர் ஊர் | அங்கே சாதாரண நேரம் | அங்கே கோடை நேரம் |
|---|---|---|
| லண்டன் | பிற்பகல் 2:30 | பிற்பகல் 1:30 |
| பெர்லின், பாரிஸ், மாட்ரிட் | பிற்பகல் 1:30 | பகல் 12:30 |
| நியூயார்க் | இரவு 7:30 | மாலை 6:30 |
| சிகாகோ | இரவு 8:30 | இரவு 7:30 |
| லாஸ் ஏஞ்சல்ஸ் | இரவு 10:30 | இரவு 9:30 |
| மெல்போர்ன், சிட்னி | விடியற்காலை 4:30 | விடியற்காலை 3:30 |
| துபாய் | காலை 10:30 | மாறாது |
| டோக்கியோ | விடியற்காலை 5:30 | மாறாது |

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் பிரிட்டனும் மார்ச் கடைசி ஞாயிறு முன்னே போய், அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே வருகின்றன. எல்லாம் ஒரே நொடியில், நம் மணிக்கு ஞாயிறு காலை 6:30. அமெரிக்கா 2007 முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறு முன்னே, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே. அங்கே ஒவ்வொரு மண்டலமும் தன் ஊர் இரவு 2 மணிக்கு மாறும். அரிசோனாவின் பெரும்பகுதியும் ஹவாயும் மாறாது. ஆஸ்திரேலியாவில் தலைகீழ்: அக்டோபர் முதல் ஞாயிறு முன்னே, ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னே, பிரிஸ்பேன், பெர்த் மாறாது. ஐரோப்பிய நாடாளுமன்றம் இந்த வழக்கத்தைக் கைவிட 2019-இல் வாக்களித்ததைச் சொல்லி "இனிமேல் மாறாதாம்" என்பவர்கள் உண்டு. உறுப்பு நாடுகள் ஒத்துவராமல் அது அப்படியே கிடக்கிறது. நம்பி உட்காராதீர்கள்.

வழி 1: நம் மணிக்கே நிறுத்துவது

ஐரோப்பாவுக்கு இதுதான் சரி. காரணம், இரண்டு அலுவலகங்களும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம் அங்கே தாராளம். பிற்பகல் 3:00 என்று வைத்துவிட்டால் லண்டனில் காலை 9:30 அல்லது 10:30. ஜெர்மனியில் 10:30 அல்லது 11:30. எந்தப் பருவத்திலும் அவர்கள் சாப்பாட்டு நேரத்தில் இடிக்காது. நம் பக்கம் தையல் ஃப்ளோர் ஓடிக்கொண்டிருக்கும், சாம்பிள் டெய்லர் இருப்பார், டையிங் யூனிட்டுக்கு அந்த நிமிடமே போன் போட்டுக் கேட்கலாம். மாறாக, "ஜெர்மனிக்குக் காலை ஒன்பது" என்று வைத்தால் கோடையில் அது நம் 12:30-க்கு வந்து உட்காரும். கொஞ்சம் இழுத்தால் சாப்பாடு போச்சு.

இதில் உடையும் இடம் ஒன்று உண்டு. கடிகாரம் மாறும் வாரத்தில் பையருக்கு நம் மீட்டிங் ஒரு மணி நேரம் நகரும். அந்த இடத்தில் அவருக்கு ஏற்கெனவே வேறு மீட்டிங் இருந்தால் நம்மைத்தான் தள்ளி வைப்பார். ஆகவே முதல் பேச்சிலேயே இரண்டு நேரத்தையும் சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும்: "எங்களுக்கு 3:00 நிரந்தரம், உங்களுக்குக் குளிர்காலத்தில் 10:30, கோடையில் 11:30." அவர் இரண்டையும் காலியாக வைத்துக்கொள்வார்.

ஆஸ்திரேலியாவுக்கும் இதே வழி. நம் காலை 9:00 மெல்போர்னில் 1:30 அல்லது 2:30. கோவை சரவணம்பட்டியில் உட்கார்ந்து மெல்போர்ன் வாடிக்கையாளருக்கு சாஃப்ட்வேர் பார்த்துக்கொடுப்பவர்கள் வாராந்திரப் பேச்சுக்கு விடியற்காலையில் எழ வேண்டியதே இல்லை.

வழி 2: பையர் மணிக்கு நிறுத்துவது

கேட்டதும் அடிமைத்தனமாகத் தோன்றும். அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு மட்டும் இதுதான் நமக்கு லாபம். நியூயார்க் காலை 9:00 என்று கட்டிப்போட்டால், கோடை நேரம் ஓடும் 34 வாரமும் நமக்கு மாலை 6:30. மீதி 18 வாரம்தான் 7:30. இதையே "எங்களுக்கு 7:30 நிரந்தரம்" என்று நம் மணிக்கு வைத்தால் ஆண்டு முழுக்கக் காத்திருக்க வேண்டும். "6:30 நிரந்தரம்" என்றால் குளிர்காலத்தில் பையருக்குக் காலை 8:00; முதல் மாதம் வருவார், அப்புறம் வரமாட்டார்.

சிகாகோ பையரை 8:00-க்கு வரச்சொல்லிக் கேளுங்கள். நியூயார்க் 9:00-க்குச் சமம் அது, நம் கணக்கு மாறாது. லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இந்த வழி உதவாது. அவர்களோடு பேச வேண்டுமென்றால் நம் காலை 8:30-ஐப் பாருங்கள்: அங்கே முந்தைய நாள் இரவு 7:00 அல்லது 8:00. அவர் ஒப்புக்கொண்டால், அழைப்பில் தேதியை இரண்டு ஊருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். நம் செவ்வாய் அவருக்குத் திங்கள்.

இந்த வழிக்குக் கொடுக்கும் விலை நம் பக்கத்து ஆட்கள். எட்டரைக்கு வந்து ஐந்தரைக்கு முடியும் ஒரு ஷிப்ட் கம்பெனியில் 6:30-க்கு ஃப்ளோர் காலி. ஒன்றரை ஷிப்ட் ஓடினால் இரவு 8:30 வரை ஆள் இருக்கும். ஓடாத நாளில் பையர் "மீடியம் சைஸ் கழுத்து அகலம் அளந்து சொல்லு" என்றால் அளக்க கியூ.சி. (தரம் பார்ப்பவர்) இருக்கமாட்டார். அதனால் மெர்ச்சண்டைசிங் அறையிலேயே ஒரு மேஜை தயாராக இருக்க வேண்டும்: அன்றைக்குப் பேசப்போகும் ஸ்டைல்களின் பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி), டெக் பேக் (அளவு, விவரக் குறிப்பு) பிரிண்ட், இஞ்ச் டேப், துணி எடை பார்க்க ஜி.எஸ்.எம். கட்டரும் தராசும், நிறம் ஒப்பிட பான்டோன் புத்தகம், லைட் பாக்ஸ். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் வைத்து "ஷேடு ஓகே" என்று வாய்விட்டால், காலை வெயிலில் அது வேறு கலராக நிற்கும். லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்தை ஒத்த டி65 விளக்கில் பார்த்த பிறகே வாய் திறப்பது நல்லது.

வழி 3: யு.டி.சி. (கோடையிலும் நகராத உலகப் பொது மணி)

"இரண்டு பேருக்கும் பொதுவாக யு.டி.சி.யில் வைத்துவிடலாம்" என்று கம்ப்யூட்டர் படித்தவர் யாராவது சொல்வார். நடுநிலை போலத் தெரியும். இந்திய மணி யு.டி.சி.யிலிருந்து எப்போதும் 5:30 தூரத்தில் அசையாமல் நிற்பதால், யு.டி.சி.க்கு வைப்பதும் ஐ.எஸ்.டி.க்கு வைப்பதும் விளைவில் ஒன்றே. கோடை வந்தால் நகர்வது பையர்தான். கூடவே இரண்டு தரப்பும் மனக்கணக்குப் போட வேண்டும், அந்த அரை மணி நேரத்தில் தப்பு விழும். மீட்டிங்குக்கு வேண்டாம்.

கம்ப்யூட்டருக்குள் கதை வேறு. நடந்து முடிந்தவற்றை (ஆர்டர் எப்போது பதிவானது, ஸ்கேன் எப்போது விழுந்தது) யு.டி.சி.யில் சேமிப்பது சரி. வரப்போகும் மீட்டிங்கை அப்படிச் சேமித்தால் மாட்டிக்கொள்வீர்கள். மெக்சிகோ 2022-இல் பெரும்பாலான இடங்களில் கோடை நேரத்தை ஒழித்தது. கஜகஸ்தான் 2024 மார்ச் 1 முதல் நாடு முழுக்க ஒரே மணிக்கு மாறியது. நாடுகள் இப்படித் திடீரென்று விதியை மாற்றும்போது, முன்கூட்டியே யு.டி.சி.க்கு மாற்றி வைத்த எதிர்கால நேரமெல்லாம் ஒரு மணி நேரம் தப்பாகிவிடும். உள்ளூர் நேரத்தையும் ஊர்ப் பெயர் கொண்ட மண்டலத்தையும் சேர்த்து வையுங்கள்: "09:00, அமெரிக்கா/நியூயார்க்" என்கிற மாதிரி. நம் மண்டலத்தின் பெயர் "ஆசியா/கொல்கத்தா". பழைய மென்பொருளில் "ஆசியா/கல்கத்தா" என்றிருக்கும், இரண்டும் ஒன்றே.

வழி 4: ஆளை நகர்த்துவது

மெர்ச்சண்டைசிங்கில் இரண்டு பேரை மட்டும் 11:30-க்கு வரச்சொல்லி 8:30-க்கு அனுப்புவது. கரூர் ஹோம் டெக்ஸ்டைல் மாதிரி அமெரிக்க ஆர்டரே பிரதானமாக ஓடும் இடத்தில் இது யோசிக்கத் தக்கது. ஒரே ஒரு அமெரிக்க பையருக்காகச் செய்வது வீண். காலையில் டையிங்காரர், பிரிண்டிங்காரர், ஆக்சசரி சப்ளையர் எல்லோரும் அந்த மெர்ச்சண்டைசரைத்தான் கேட்பார்கள். அவர் வரும்வரை வேலை நிற்கும். சீனாவிலிருந்து ஜிப்பர், பட்டன் வாங்குவோருக்கு இது இன்னும் வலி. சீனா முழுக்க ஒரே மணி, நமக்கு 2:30 முன்னே. அங்கே மாலை 6:00 என்றால் இங்கே 3:30. பதினொன்றரைக்கு வருபவருக்கு நான்கு மணி நேரம்தான் மிச்சம்.

இரவு வீட்டுக்குப் போகும் வழியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அவிநாசி, பல்லடம், காங்கேயம் பக்கம் இருந்து பஸ்ஸில் வரும் பெண்களை 8:30 வரை இருக்கச் சொன்னால் கம்பெனி வண்டி விட்டாக வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்த பிறகு வழி 2 மலிவாகத் தெரியும்.

வழி 5: மீட்டிங்கையே குறைப்பது

நேர வித்தியாசத்தைத் தொல்லையாக மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். நியூயார்க் பையர் மாலை 5:00-க்கு மெயில் போட்டுவிட்டுப் போனால் இங்கே விடியற்காலை 3:30 (கோடையில் 2:30). நாம் ஒன்பதரைக்குத் திறந்து பார்த்து, நாள் முழுக்க வேலை செய்து, 6:30-க்குப் பதில் அனுப்பினால் அங்கே காலை 8:00. அவர் வந்து உட்காரும்போது பதில் மேஜையில் இருக்கும். ஒரு சுற்றுக்கு ஒரு நாள், யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

ஒரே நிபந்தனை: அரைகுறைக் கேள்வி ஒவ்வொன்றும் ஒரு முழு நாளைத் தின்னும். "லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துண்டு) கொஞ்சம் சிவப்படிக்கிறது, என்ன செய்யலாம்?" என்று அனுப்பினால் நாளை மறுநாள்தான் அடுத்த அடி. "ஏ, பி, சி மூன்று டிப் அனுப்புகிறோம், பி எங்கள் தேர்வு, ஏ என்றால் இரண்டு நாள் கூடும், புதன் உங்கள் மாலைக்குள் பதில் இல்லையென்றால் பி-யில் போகிறோம்" என்று எழுதினால் அதே இரவில் முடியும். பேச வேண்டியது ஃபிட் கமெண்ட்டும் (உடுப்பு பொருந்தும் விதம் பற்றிய கருத்து) விலையும் மட்டுமே என்று சுருக்கினால் வாரம் ஒரு மீட்டிங் போதும்.

மூன்று ஊர் சேரும்போது

டிசைன் லண்டன், வாங்குவது நியூயார்க், தைப்பது திருப்பூர் என்றால் யாருடைய மணிக்கு வைத்தாலும் ஆண்டில் மூன்று, நான்கு வாரம் உடையும். 2026-இல் அமெரிக்கா மார்ச் 8-ஆம் தேதி மாறுகிறது, பிரிட்டன் 29-ஆம் தேதி. இடையில் மூன்று வாரம் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் 5 மணிக்குப் பதில் 4 மணி. அக்டோபர் 25-க்கும் நவம்பர் 1-க்கும் நடுவே இன்னொரு வாரம். 2027-இல் மார்ச் 14-க்கும் 28-க்கும் நடுவே, அக்டோபர் 31-க்கும் நவம்பர் 7-க்கும் நடுவே. நியூயார்க்கை ஆணியாக அடித்துவிட்டு இந்த வாரங்களில் லண்டனை நகரச் சொல்லுங்கள். பிற்பகல் 2:00 என்பது 1:00 ஆனால் அவர்களுக்கு உயிர் போகாது. நமக்கு இரவு நீள்வதுதான் கடினம்.

எதை எடுத்தாலும் இதைச் சரிபாருங்கள்

காலண்டர் அழைப்பு எந்த மண்டலத்தில் உருவானதோ அந்த மணிக்கே கட்டுப்பட்டிருக்கும். வாயால் "உங்கள் ஒன்பது மணி" என்று பேசிவிட்டு, அழைப்பைத் திருப்பூர் போனிலிருந்து அனுப்பினால் அது ஐ.எஸ்.டி.யில் பதிந்துவிடும், மார்ச் வரை யாருக்கும் தெரியாது. நேரம் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே மண்டலம் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. வழி 2 என்றால் அங்கே நியூயார்க் போடுங்கள், அல்லது பையரையே அழைப்பு அனுப்பச் சொல்லுங்கள்.

விண்டோஸில் மண்டலம் தேர்ந்தெடுக்கும்போது எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. மைனஸ் 5:00 என்று ஈஸ்டர்ன் டைமும் இருக்கும், பொகோட்டா, லிமாவும் இருக்கும். பொகோட்டாவைத் தொட்டால் கோடை நேரம் வராது. பூஜ்யத்தில் லண்டன் இருக்கும், ரெய்க்ஜாவிக்கும் இருக்கும். ஐஸ்லாந்து மணி மாறுவதில்லை. நம் 5:30-இலும் சென்னைக்கு ஒரு வரி, ஸ்ரீ ஜெயவர்த்தனபுரத்துக்கு ஒரு வரி. இன்றைய தேதிக்கு இரண்டும் ஒன்றே காட்டும் என்றாலும் சென்னையைப் போடுங்கள்.

மெயிலில் சுருக்கெழுத்து வேண்டாம். ஐ.எஸ்.டி. என்றால் இஸ்ரேலும் அயர்லாந்தும் தங்கள் மணி என்று நினைக்கும். சி.எஸ்.டி. என்றால் சிகாகோவும் ஆகும், சீனாவும் ஆகும். அமெரிக்கர்கள் ஜூலையிலும் ஈ.எஸ்.டி. என்றே பழக்கத்தில் எழுதுவார்கள். சொல்லுக்குச் சொல் எடுத்தால் ஒரு மணி நேரம் பிசகும். "நியூயார்க் நேரம்" என்று எழுதினால் எந்தப் பருவத்துக்கும் பொருந்தும்.

"வெள்ளி ஈ.ஓ.டி." (நாள் முடிவுக்குள்) என்பது யார் வெள்ளி என்று கேட்டுவிடுங்கள். நியூயார்க் வெள்ளி மாலை 5:00 என்றால் நமக்குச் சனி விடியற்காலை. வெள்ளி முழு நாளும் கையில் இருக்கிறது. "12 ஏ.எம்." என்று கெடு எழுதினால் அது தேதியின் தொடக்கமா முடிவா என்று சண்டை வரும், 23:59 என்று போட்டால் சந்தேகமே இல்லை.

வளைகுடாவுக்கு முட்டை அனுப்பும் நாமக்கல்காரர்களுக்குக் கோடை நேரத் தொல்லை கிடையாது: துபாய், மஸ்கட் 1:30 பின்னே, தோஹா, பஹ்ரைன் 2:30 பின்னே, ஆண்டு முழுக்க அதே. அங்கே பார்க்க வேண்டியது விடுமுறை நாள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 முதல் சனி, ஞாயிறுக்கு மாறி வெள்ளி அரைநாள் வைத்திருக்கிறது. ஷார்ஜா வெள்ளியையும் சேர்த்து மூன்று நாள் விடுகிறது. சவூதியில் இன்னும் வெள்ளி, சனிதான்.

எல்.சி. (ஆவணங்களைக் கொடுத்தால் பணம் தருவதாக வங்கி தரும் உறுதிக் கடிதம்) வைத்து வியாபாரம் செய்பவர்கள் மணியைவிட இடத்தை உற்றுப் பார்க்க வேண்டும். எல்.சி. காலாவதி (ஆவணம் கொடுக்கும் கெடு) நம் ஊர் வங்கியிலா, நியூயார்க் வங்கியின் கவுண்டரிலா என்று அதிலேயே எழுதியிருக்கும். வங்கி நேரம் முடிந்த பிறகு வரும் ஆவணத்தை ஏற்க வேண்டிய கட்டாயம் வங்கிக்கு இல்லை என்று எல்.சி.க்கான சர்வதேச விதித்தொகுப்பான யு.சி.பி. 600-இன் 33-ஆம் பிரிவு சொல்கிறது. கடைசி நாள் பொங்கல் விடுமுறையில் விழுந்தால், நம் ஊர் வங்கியில் காலாவதியாகும் எல்.சி.க்கு 29-ஆம் பிரிவின்படி அடுத்த வேலை நாள் கிடைக்கும். ஆனால் ஷிப்மெண்ட்டின் கடைசித் தேதி நீளாது. நியூயார்க் கவுண்டர் என்றால் பொங்கல் கணக்கிலேயே வராது. டிராஃப்ட் எல்.சி. வரும்போதே காலாவதி இடம் இந்தியா என்று திருத்தச் சொல்லிக் கேளுங்கள். எல்.சி. திறந்த பிறகு கேட்டால் திருத்தக் கட்டணம் நம் கணக்கில் விழலாம்.